'ஹை நூன்' மாந்தர்கள்: யாரைப் பிடிக்கிறது, யாரை மன்னிக்க முடியவில்லை?

வெயில்முத்து எழுதியது:

நேற்றிரவு 'ஹை நூன்' (1952) படத்தை மறுபடி பார்த்தேன். முதல்முறை பார்த்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. அப்போது ஆமியைக் கண்டாலே ஆத்திரம் வந்தது. கல்யாணம் முடிந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, கணவனைக் கொல்ல நான்கு பேர் வருகிறார்கள், இவள் ரயில் டிக்கெட் வாங்கிக்கொண்டு கிளம்புகிறாளே என்று மனம் கொதித்தது. இப்போது வயது நாற்பத்தேழு. ஆமிமேல் இருந்த கோபம் சுத்தமாக வடிந்துவிட்டது. அந்தக் கோபம் முழுவதும் மேயர் ஜோனாஸ் ஹெண்டர்சன்மேல் போய் உட்கார்ந்துகொண்டது.

பார்த்து வெகுநாள் ஆனவர்களுக்காகக் கதையை இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். நியூ மெக்சிகோ பகுதியில் ஹேட்லிவில் என்ற சிற்றூர். ஞாயிற்றுக்கிழமை காலை. ஊர்க் காவல் அதிகாரியான மார்ஷல் வில் கேன் (கேரி கூப்பர்) ஆமியை (கிரேஸ் கெல்லி) மணந்து, பதவியையும் துறக்கிறான். ஐந்து ஆண்டுகளுக்கு முன் அவன் பிடித்துச் சிறைக்கு அனுப்பிய ஃபிராங்க் மில்லர் விடுதலையாகி நண்பகல் ரயிலில் வருகிறான். அவனுடைய ஆட்கள் மூவர் ரயில் நிலையத்தில் காத்திருக்கிறார்கள். கேன் துணைக்கு ஆள் தேடி ஊரெல்லாம் ஏறி இறங்குகிறான். ஒருவரும் வரவில்லை. படம் 85 நிமிடம். கதையில் ஓடும் நேரமும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

இப்போது ஹெண்டர்சனுக்கு வருகிறேன். தேவாலயக் காட்சியைக் கவனித்துப் பாருங்கள். கேன் உள்ளே வந்து ஆள் கேட்டவுடன் ஆளாளுக்குக் கத்துகிறார்கள். ஹெண்டர்சன்தான் எழுந்து ஒழுங்குபடுத்துகிறான். பிள்ளைகளை வெளியே அனுப்பச் சொல்கிறான், எல்லோரையும் பேச விடுகிறான். கடைசியில் தானே பேசத் தொடங்குகிறான். இந்த ஊருக்குக் கேனைப் போல் ஒரு மார்ஷல் கிடைத்ததில்லை, நாம் அவனுக்குக் கடன்பட்டிருக்கிறோம் என்கிறான். அந்த நேரத்தில் கேனின் முகத்தைப் பாருங்கள், காலையிலிருந்து முதல்முறையாக அதில் ஒரு தளர்வு தெரிகிறது. அப்புறம் பேச்சு மெல்லத் திரும்புகிறது. வடக்கே உள்ளவர்கள் இந்த ஊரில் பணம் போட யோசிக்கிறார்கள், கடைகள் வரும், தொழிற்சாலை வரும், தெருவில் சுட்டுக்கொண்டு செத்தால் அது எல்லாமே கெட்டுப்போகும், ஆகவே வில், நீ போய்விடு. உனக்கும் நல்லது, எங்களுக்கும் நல்லது.

மறுத்தவர்கள் எல்லோரும் முகத்துக்கு நேரே மறுத்தார்கள். ஹெண்டர்சன் மட்டும் மாலை போட்டு அனுப்பினான். தாமஸ் மிட்செல் அந்தப் பேச்சைத் துளிக் கள்ளமும் இல்லாத குரலில் பேசியிருக்கிறார். ஹெண்டர்சன் உண்மையாகவே கேனை நேசிக்கிறான். அதனால்தான் என்னால் அவனை மன்னிக்க முடியவில்லை.

உங்களுக்கு யாரைப் பிடிக்கும், யாரைப் பிடிக்காது? காரணத்தோடு எழுதுங்கள்.

---

நிலாமுற்றம் எழுதியது:

முத்து அண்ணா, ஆமியை மன்னித்ததற்கு நன்றி. ஆனால் மன்னிக்க அவள் செய்த குற்றம்தான் என்ன?

அவள் வன்முறையை மறுக்கும் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவள். பிறப்பால் வந்த நம்பிக்கை அன்று அது. தகப்பனையும் அண்ணனையும் துப்பாக்கிக்குப் பறிகொடுத்த பிறகு அவளாகத் தேடி அடைந்தது. நியாயம் அவர்கள் பக்கம் இருந்தும் அவர்கள் பிழைக்கவில்லை என்று கேனின் பழைய காதலி ஹெலனிடம் சொல்கிறாளே, அந்த ஒரு பேச்சு போதும். 'எவன் சரி, எவன் தவறு என்பது எனக்கு முக்கியமில்லை, மனிதர்கள் வாழ வேறு வழி இருந்தாக வேண்டும்' என்பதுதான் அவள் நிலை. இதைக் கோழைத்தனம் என்று எப்படிச் சொல்வது?

கூப்பருக்கு அப்போது ஐம்பது, கெல்லிக்கு இருபத்தொன்று இருபத்திரண்டு. கெல்லிக்கு அது இரண்டாவது படம். அவர் நடிப்பு விறைப்பாக இருக்கிறது என்று பலர் குறை சொல்வார்கள். எனக்கு அந்த விறைப்பே ஆமிக்குப் பொருந்தியதாகத் தோன்றுகிறது. எதையோ இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிற பெண் வேறு எப்படி இருப்பாள்?

கடைசியில் ஜன்னல் வழியாக மில்லரின் ஆள் பியர்ஸை முதுகில் சுடுகிறாள் அல்லவா? எல்லோரும் அங்கே கைதட்டுகிறார்கள். என்னால் முடியவில்லை. சுட்ட பிறகு அவள் முகத்தில் வெற்றி தெரியவில்லை. கணவன் பிழைத்தான், ஆனால் தகப்பனையும் அண்ணனையும் நினைத்து அவள் கட்டிக்கொண்ட வீடு அந்த ஒரு குண்டில் இடிந்தது. படத்தில் எல்லோரையும்விட அதிகம் கொடுத்தவள் ஆமிதான். கேன் தன் கொள்கைக்காக உயிரைப் பணயம் வைத்தான். அவள் அவனுக்காகக் கொள்கையையே கொடுத்துவிட்டாள்.

---

ஒற்றைப்பனை எழுதியது:

எனக்குப் பிடிக்காதவன் ஹார்வி பெல். லாய்ட் பிரிட்ஜஸ் நடித்த உதவி மார்ஷல். ஆனால் படம் பார்க்கப் பார்க்க அவன்மேல் ஒரு பரிதாபமும் வருகிறது, அதைத்தான் இங்கே எழுத வேண்டும்.

அவன் கேட்பது என்ன? அடுத்த மார்ஷல் பதவிக்குத் தன் பெயரைச் சொல்லியிருக்கலாமே என்கிறான். இப்போதாவது சொல், நான் உன்னோடு நிற்கிறேன் என்கிறான். கேன் மறுத்துவிடுகிறான். நீ நிற்க வேண்டும் என்று ஆசைதான், ஆனால் அதை விலைக்கு வாங்க மாட்டேன் என்கிறான். ஹார்வி மார்பில் குத்தியிருந்த பதவி வில்லையைக் கழற்றி வைத்துவிட்டுப் போகிறான்.

இந்த இடத்தில் நான் எப்போதும் படத்தை நிறுத்திவிட்டு யோசிப்பேன். கேன் ஒரு வார்த்தை பொய் சொல்லியிருந்தால் போதும், துப்பாக்கி சுடத் தெரிந்த இளைஞன் ஒருவன் பக்கத்தில் நின்றிருப்பான். நான்கு பேருக்கு எதிரே இரண்டு பேர். உயிர் போகிற நேரத்தில் ஒரு சின்னப் பொய் சொல்ல அவனுக்கு மனம் வரவில்லை. கேனை எனக்கு மிகவும் பிடிப்பது தெருவில் நடக்கிற காட்சிகளுக்காக அன்று, இந்த மறுப்புக்காகத்தான்.

ஹார்வி அதற்குப் பிறகு என்ன செய்கிறான் பாருங்கள். குடிக்கிறான். குதிரை லாயத்தில் கேனை மடக்கி, குதிரைக்குச் சேணம் பூட்டி, ஏறிப் போய்விடு என்று தள்ளுகிறான். கேன் ஓடிவிட்டால்தான் தான் விலகியது தவறில்லை என்று ஆகும். தன்னைவிட நேரானவன் ஒருவன் ஊரில் இருப்பதே அவனுக்குத் தாங்கவில்லை. அடித்துக்கொள்கிறார்கள். ஐம்பது வயதுக்காரன் ஜெயிக்கிறான், ஆனால் முகமெல்லாம் காயம்.

---

தாமிரபரணிக்கரை எழுதியது:

என்ன இது, மூன்று பதிவுகள் ஆகியும் ஹெலன் ராமிரெஸைப் பற்றி யாரும் ஒரு பத்தி எழுதவில்லையா?

எனக்கு இந்தப் படம் ஹெலனின் படம். மெக்சிகோ நடிகை கேத்தி ஹுராடோ நடித்தார். துணை நடிகைக்கான கோல்டன் குளோப் விருதை அதற்காக வாங்கினார். அந்த விருதை வாங்கிய முதல் மெக்சிகோ நடிகை அவர்தான்.

ஹெலன் ஒரு காலத்தில் ஃபிராங்க் மில்லரோடு இருந்தவள். பிறகு கேனோடு. இப்போது ஹார்வியோடு. அந்தக் காலத்து ஹாலிவுட்டில் இப்படி ஒரு பெண் வந்தால் ஒன்று சாக வேண்டும், இல்லையேல் அழுது மனம் திருந்த வேண்டும். ஹெலன் இரண்டும் செய்வதில்லை. ஊரில் அவளுக்குச் சொத்து இருக்கிறது, மதுக்கூடத்திலும் கடையிலும் முதலீடு இருக்கிறது. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று ஊரிலேயே முதலில் கண்டுகொள்பவள் அவள்தான். கடையைப் பேசி விற்று, பெட்டியைக் கட்டிவிடுகிறாள். கேன் சாகப்போகிறான், அவன் செத்தால் இந்த ஊரும் செத்துப்போகும் என்று அவளுக்குத் தெரிகிறது.

கேன் அவளை எச்சரிக்க அறைக்கு வருகிற காட்சியில் ஒரு சின்ன இடம். கிளம்பும்போது அவள் ஸ்பானிய மொழியில் சொல்கிறாள், உன்னைப் பார்த்து ஒரு வருடம் ஆகிறது என்று. அவனும் அதே மொழியில், ஆமாம், தெரியும் என்கிறான். அவ்வளவுதான். நான் பார்த்த பிரதியில் அந்த இரண்டு வரிக்கும் வசன வரி போடவில்லை. முன்பு இருவருக்கும் நடுவில் என்ன இருந்தது, எப்படி முடிந்தது என்று படம் எங்கும் விளக்குவதில்லை. அந்த 'தெரியும்' என்ற சொல்லில் எல்லாம் இருக்கிறது. அவனும் நாட்களை எண்ணிக்கொண்டுதான் இருந்திருக்கிறான்.

ஆமி தேடி வந்து, கேன் இங்கே தங்குவதற்குக் காரணம் நீயா என்று கேட்கும்போது, ஹெலன் கோபப்படலாம், ஏளனம் செய்யலாம். செய்வதில்லை. அவன் என் ஆளாக இருந்தால் நான் துப்பாக்கி எடுத்துப் போராடியிருப்பேன் என்கிறாள். பிறகேன் நீ போகிறாய் என்று ஆமி கேட்க, அவன் என் ஆள் இல்லை, உன்னுடைய ஆள் என்கிறாள். ஆமியை ரயிலிலிருந்து திருப்பி ஓடவைத்தது துப்பாக்கிச் சத்தம் என்பார்கள். அந்தச் சத்தம் கேட்பதற்கு முன்பே ஹெலனின் இந்தப் பேச்சு அவளுக்குள் வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது என்பது என் எண்ணம்.

ஆமி இறங்கி ஓடுகிறாள், ஹெலன் ரயிலிலேயே இருந்துவிடுகிறாள். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அந்த ரயிலோடுதான் மனம் போகிறது.

---

யாழ்தேவி எழுதியது:

எல்லோரும் பெரிய மாந்தர்களை எடுத்துக்கொண்டீர்கள். நான் ஹெர்ப் பேக்கரைப் பற்றிச் சொல்கிறேன்.

காலையில் தானாக முன்வந்து, நான் இருக்கிறேன் என்று சொன்ன ஒரே ஆள் அவன். நேரம் நெருங்கியதும் அலுவலகத்துக்கு வருகிறான், மற்றவர்கள் எங்கே என்று கேட்கிறான். வேறு யாரும் இல்லை, நீயும் நானும்தான் என்கிறான் கேன். ஹெர்ப் முகத்தில் வருகிற மாற்றத்தைப் பார்க்க வேண்டும். இது நான் ஒப்புக்கொண்டது இல்லையே, மனைவி பிள்ளைகள் இருக்கிறார்களே என்று தடுமாறுகிறான். பிள்ளைகளிடம் போ ஹெர்ப் என்று கேன் அனுப்பிவிடுகிறான். குரலில் கடுப்பு இல்லை.

நான் குடியிருந்த அடுக்குமாடியில் ஒருமுறை தண்ணீர்க் கட்டணப் பிரச்சினை வந்தது. பதினாறு வீடு. எல்லோரும் தொலைபேசியில், நீங்கள் பேசுங்கள் அக்கா, நாங்கள் பின்னால் நிற்கிறோம் என்றார்கள். கூட்டத்துக்குப் போனால் நானும் மேல்மாடி ஆசிரியர் ஒருவரும் மட்டும். அவர் சுற்றிப் பார்த்துவிட்டு, பெண்ணுக்குப் பரீட்சை இருக்கிறது என்று எழுந்தார். அவர் கையில் வீட்டுச் சாவிக்கொத்து இருந்தது, அதை விரல்களால் உருட்டிக்கொண்டே பேசினார், என் முகத்தைப் பார்க்கவில்லை. பல ஆண்டுகள் அவர்மேல் எனக்குக் கசப்பு இருந்தது. ஆனால் வந்தவர் அவர் ஒருவர்தானே. வராத பதினான்கு வீட்டின்மேல் வராத கோபம் வந்தவர்மேல் வந்தது ஏன் என்று ஹெர்ப்பைப் பார்க்கும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன்.

எனக்குச் சுத்தமாகப் பிடிக்காதவன் சாம் ஃபுல்லர். கேன் வீட்டுக்கு வருவதைப் பார்த்துவிட்டு உள்ளே ஒளிந்துகொள்கிறான், மனைவியைக் கதவைத் திறந்து பொய் சொல்ல வைக்கிறான். அவர் தேவாலயத்துக்குப் போயிருக்கிறார் என்கிறாள் மில்ட்ரெட். நீங்கள் இல்லாமலா என்று கேட்கிறான் கேன். அவள் திணறுகிறாள். அவன் போன பிறகு, நான் சாக வேண்டும் என்று நினைக்கிறாயா என்று மனைவியிடமே பாய்கிறான். அந்தப் பெண்ணின் முகத்தில் இருக்கிற அவமானம் அவனுடையது. சுமப்பது அவள். ஹெண்டர்சனைக்கூட மன்னிப்பேன், இவனை மாட்டேன்.

---

கோடைமழை எழுதியது:

நான் எதிர்ப்பக்கம் பேசப்போகிறேன். எனக்குக் கேனை அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

அவன் பதவியை விட்டாயிற்று. புது மார்ஷல் மறுநாள் வரப்போகிறான். ஊரே வண்டியில் ஏற்றி அனுப்பிவைத்தாயிற்று. பாதி வழியில் திரும்பி வருகிறான். தன்னைத் தேடித்தான் வருகிறார்கள், வெட்டவெளியில் ஆமியோடு மாட்டிக்கொள்வோம் என்று ஒரு காரணம் சொல்கிறான், அது நியாயமானதே. ஆனால் எனக்கு ஓடிப் பழக்கமில்லை என்பதும் அதில் கலந்திருக்கிறது. அந்தத் தன்மானத்துக்கு ஊர் ஏன் உயிரைக் கொடுக்க வேண்டும்? ஆமியிடம் ஒரு வார்த்தை கலந்து பேசினானா? அவளை விடுதிக்கூடத்தில் உட்காரவைத்துவிட்டுப் போய்விட்டான்.

இயக்குநர் ஹாவர்ட் ஹாக்ஸ் இந்தப் படத்தைப் பிடிக்காமல்தான் 1959-இல் ஜான் வெய்னை வைத்து 'ரியோ பிராவோ' எடுத்தார். நல்ல ஷெரீஃப் ஒருவன் ஊர்க்காரர்களிடம் போய் உதவி கேட்டு அலைய மாட்டான், அது அவன் தொழில் என்பது அவருடைய வாதம். அதில் எனக்கு ஓரளவு உடன்பாடு உண்டு.

---

பழையசுருள் எழுதியது:

கோடைமழை, ஹாக்ஸின் வாதத்தை நான் பலமுறை யோசித்துப் பார்த்துவிட்டேன். எனக்கு ஒப்பவில்லை. உதவி கேட்பதுதான் இந்தப் படத்தில் கேன் செய்கிற மிகத் துணிவான காரியம். மதுக்கூடத்தில் சிரிக்கிறார்கள், விடுதி எழுத்தன் ஆமியிடமே உன் கணவனைப் பிடிக்காதவர்கள் நிறையப் பேர் என்கிறான், தேவாலயத்தில் போதகர் நீ இந்தப் பக்கமே வருவதில்லையே என்று குத்துகிறார். இருந்தும் அடுத்த கதவைத் தட்டுகிறான். மேசைமேல் தலையைக் கவிழ்த்து உடைந்துபோகிறான். அன்றைய வெஸ்டர்ன் நாயகன் எவனும் தலையைக் கவிழ்த்ததில்லை. கூப்பர் அப்போது வயிற்றுப் புண்ணால் அவதிப்பட்டுக்கொண்டிருந்தார். அந்த வலி முகத்தில் ஒளியாமல் இருக்கிறது.

பின்னணியையும் சொல்லியாக வேண்டும். திரைக்கதை எழுதிய கார்ல் ஃபோர்மன், படப்பிடிப்பு நடந்த 1951 செப்டம்பரில் அமெரிக்க நாடாளுமன்றத்தின் விசாரணைக் குழு முன் நிறுத்தப்பட்டார். முன்பு கம்யூனிஸ்ட் கட்சியில் இருந்தவர். மற்றவர்கள் பெயரைச் சொல்ல மறுத்தார். ஹாலிவுட் வேலை தர மறுத்தவர்களின் கருப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டார், இங்கிலாந்துக்குப் போனார். நேற்றுவரை தோளில் கைபோட்டவர்கள் தெருவைக் கடந்து மறுபக்கம் போவதை அவர் பார்த்துக்கொண்டே எழுதினார். ஹெண்டர்சனின் பேச்சும் சாம் ஃபுல்லரின் கதவும் கற்பனையில் மட்டும் பிறந்தவை அல்ல.

இயக்குநர் ஃபிரெட் ஜின்னமன் இதை அரசியல் படமாகப் பார்க்கவில்லை, மனசாட்சியின் கதையாகவே பார்த்தார். அவர் ஆஸ்திரியாவிலிருந்து வந்த யூதர், பெற்றோர் இருவரையும் நாஜிகளின் படுகொலைக்குப் பறிகொடுத்தவர். அக்கம்பக்கத்தார் ஜன்னலைச் சாத்துகிற ஓசை எப்படி இருக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஜான் வெய்னின் வெறுப்பு ஊரறிந்தது. கூப்பர் மார்ஷல் வில்லையைக் காலால் மிதித்ததாகவே 1971-இல் ஒரு பேட்டியில் சொன்னார். படத்தில் மிதிப்பதே இல்லை, புழுதியில் போடுவதோடு சரி. கூப்பருக்குச் சிறந்த நடிகர் ஆஸ்கர் கிடைத்தபோது அவர் சார்பில் மேடையேறி வாங்கியவரும் இதே வெய்ன்தான்.

1989 ஜூன் 4 தேர்தலுக்குப் போலந்தின் சாலிடாரிட்டி இயக்கம் ஒட்டிய சுவரொட்டியில் நடந்து வந்தவரும் கூப்பர். கையில் துப்பாக்கிக்குப் பதில் வாக்குச்சீட்டு.

---

ஒற்றைப்பனை எழுதியது:

வில்லன்களைப் பற்றி யாரும் பேசவில்லை, பேச அதிகம் இல்லை என்பதும் உண்மை. ஃபிராங்க் மில்லர் வந்து இறங்கியதும் சாதாரண ஆளாகிவிடுகிறான். அவன் வரும்வரை அவனுக்குத் தண்டனை அளித்தபோது அவன் உட்கார்ந்திருந்த, இப்போது காலியாக இருக்கிற நாற்காலியைக் காட்டுகிறார்களே, அந்த நாற்காலி அவனைவிடப் பயமாக இருக்கிறது. லீ வான் கிளீஃபுக்கு இது முதல் படம். ஒரு வசனம்கூடக் கிடையாது, மௌத் ஆர்கன் வாசிக்கிறார், பார்க்கிறார். அது போதுமாக இருக்கிறது.

---

நிலாமுற்றம் எழுதியது:

மார்ட்டின் ஹோவைப் பற்றி ஒரு வார்த்தை. கேனை இந்த வேலைக்குக் கொண்டுவந்த பழைய மார்ஷல். விரல்கள் மூட்டுவாதத்தில் முடங்கிப் போயிருக்கின்றன. எல்லோரும் பொய்க்காரணம் சொல்கிற ஊரில் அவர் மட்டும் மெய்யைச் சொல்கிறார்: நான் வந்தால் என்னைக் காப்பாற்றுவதிலேயே நீ சாவாய். ஆனால் கூடவே, எல்லாம் வீண் வில், எல்லாம் வீண் என்கிறாரே, அதை ஏன் சொன்னார்? வாழ்நாள் முழுக்கச் செய்த வேலையை வீண் என்று, அதே வேலைக்குச் சாகப்போகிறவனிடம் சொல்லலாமா? அவரை எனக்குப் பிடிக்கிறது, அந்த வார்த்தையைப் பிடிக்கவில்லை.

நீதிபதி பரவாயில்லை. கொடியை மடித்து, தராசையும் சட்டப் புத்தகத்தையும் மூட்டை கட்டிக்கொண்டு, நான் போகிறேன், நீயும் போ என்று நேராகச் சொல்லிவிடுகிறார்.

---

கோடைமழை எழுதியது:

பழையசுருள் ஐயா எழுதியதைப் படித்துவிட்டு இன்று மறுபடி பார்த்தேன். கேனைப் பற்றிப் பாதி மனம் மாறிவிட்டது. காரணம் கூப்பர் இல்லை, முடிதிருத்தும் கடை.

லாயத்துச் சண்டைக்குப் பிறகு முகத்தைக் கழுவ அங்கே போகிறான். பின்பக்கம் சுத்தியல் சத்தம் கேட்கிறது. அந்தக் கடைக்காரர்தான் ஊரில் சவப்பெட்டியும் செய்து தருபவர். சத்தத்தைக் கேட்டதும் கேனுக்கு எதற்கு என்று புரிகிறது, கடைக்காரர் உள்ளே போய் நிறுத்தச் சொல்கிறார். கேன் முகம் கழுவிக்கொண்டு, வாசலுக்குப் போகும்போது, இனி வேலையைத் தொடரச் சொல்லலாம் என்கிறான். கோபமே இல்லாமல். தன் பெட்டிக்கு ஆணி அடிக்கிறவனின் நேரத்தை வீணடித்தோமே என்கிற மாதிரி ஒரு மரியாதை. தன்மானத்துக்காக மட்டும் நிற்கிறவன் அப்படிச் சொல்ல மாட்டான்.

ஆனாலும் ஆமியிடம் கலந்து பேசியிருக்க வேண்டும். அதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

---

வெயில்முத்து எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. யாழ்தேவி அக்கா, உங்கள் பதினாறு வீட்டுக் கதையைப் படித்த பிறகு ஹெர்ப்பை வேறு கண்ணால் பார்க்க ஆரம்பித்துவிட்டேன். ஹெண்டர்சன் விஷயத்தில் மட்டும் மாறவில்லை.

ஒருவரை நாம் எல்லோரும் விட்டுவிட்டோம். ஜானி என்ற பதினான்கு வயதுப் பையன். கேனின் அலுவலகத்துக்கு வந்து, எனக்குப் பதினாறு, துப்பாக்கி பிடிக்கத் தெரியும், நான் வருகிறேன் என்கிறான். உனக்குப் பதினான்குதான் என்று கேன் திருப்பி அனுப்புகிறான். இன்னொருவன் ஒற்றைக் கண் குடிகாரன் ஜிம்மி, அவனும் வருகிறேன் என்று சொன்னவன். அவனுக்குக் கையில் காசு கொடுத்து அனுப்புகிறான். ஊரில் மனம் வைத்தவர்களில் கேனால் ஏற்றுக்கொள்ள முடியாதவர்கள் இந்த இருவர்.

எல்லாம் முடிந்து ஊர் முழுக்கத் தெருவில் கூடுகிறதே, அப்போது கேனின் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்துகிறவன் அந்தப் பையன்தான். கூட்டத்தில் ஹெண்டர்சனும் நிற்கிறானா என்று நேற்று படத்தை நிறுத்தி நிறுத்தித் தேடினேன். தேடிக்கொண்டிருந்ததில் கேன் பையனைப் பார்க்கிற பார்வையைத் தவறவிட்டுவிட்டேன். திருப்பிப் போட்டுப் பார்த்தேன். காலையிலிருந்து அவன் முகத்தில் இல்லாத ஒரு கனிவு அங்கே வந்து போகிறது. பிறகு ஊர்ப் பக்கம் திரும்புகிறான், அது இல்லை. மார்பிலிருந்து வில்லையைக் கழற்றிக் கீழே போட்டுவிட்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் ஆமியோடு வண்டியில் ஏறிப் போகிறான்.